சரக்கு வண்டி விளக்குக்கு ரிலே: வணிகர்களுக்கு ஒரு பாடம்



எடை, அளவை, வரிக்கணக்கு, சரக்குப் பாதுகாப்பு என்று தொழிலுக்குத் தேவையான பல விஷயங்களை நாம் இந்தப் பக்கங்களில் படித்து வருகிறோம். இந்த முறை நம் சரக்கு வண்டியின் முன்விளக்கைப் பற்றிப் பார்ப்போம். "மளிகைக் கடைக்காரனுக்கும் வண்டி வயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஓர் இரவு அனுபவத்துக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகரில் துவரம் பருப்பும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு, என்னுடைய சிறிய சரக்கு வேனில் தெற்கே திரும்பிக் கொண்டிருந்தோம். இரவு 11 மணி இருக்கும். சாத்தூரைத் தாண்டிய சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. டிரைவர் தம்பி "என்ன அண்ணாச்சி, ஏதோ தீயுது" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முன்விளக்குகளும் அணைந்தன. அதே சுவிட்சில் ஓடிய பின்விளக்குகளும் போய்விட்டன. நாற்கரச் சாலை, பின்னால் லாரி வருகிறது, நாங்களோ இருட்டோடு இருட்டாக ஓடிக் கொண்டிருக்கிறோம். தம்பி சுதாரித்து வண்டியை ஓரம் கட்டினான். அந்த லாரி ஒரு முழ இடைவெளியில் எங்களைக் கடந்து போனது. விடியும் வரை சாலையை விட்டு இறங்கி நின்றோம்.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீசியன் விளக்குச் சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் உருகி, செம்புத் தகடுகள் கருகி ஒட்டிக் கிடந்தன. காரணம் கேட்டபோது அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க கடைக்கு வர்ற மூட்டைய எல்லாம் நீங்களேவா இறக்குறீங்க?"

"இல்லப்பா, அதுக்கு லோடுமேன் இருக்காங்க. நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன்."

"சுவிட்சும் சீட்டு எழுதுற ஆளுதான் அண்ணாச்சி. நீங்க அவன் தலையில மூட்டைய ஏத்திட்டீங்க. எத்தனை நாளைக்குத் தாங்குவான்?"

ரிலே என்னும் கருவியின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. உத்தரவு போடுவதும் சுமை தூக்குவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒருவன் தலையில் வைக்கக் கூடாது.

சுமை எவ்வளவு?

முதலில் கணக்குப் பார்ப்போம். கணக்கு நமக்குப் புதிதல்ல. விளக்கின் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அதில் ஓடும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும்.

ஹாலஜன் விளக்கு உள்ள வண்டிகளில் பெரும்பாலும் எச்-4 என்னும் பல்பு இருக்கும். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். 12 வோல்ட் வண்டியில் பிரைட் 60 வாட், டிம் 55 வாட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து:

டிம்: 55 + 55 = 110 வாட். 110 ÷ 12 = சுமார் 9 ஆம்பியர்.

பிரைட்: 60 + 60 = 120 வாட். 120 ÷ 12 = 10 ஆம்பியர்.

பல வண்டிகளில் இந்த மின்சாரம் முழுவதும் பேட்டரியில் புறப்பட்டு, உள்ளே வந்து, ஸ்டீயரிங் அருகில் இருக்கும் விளக்குச் சுவிட்ச் வழியாகவும், டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகவும் போய், மறுபடி முன்பக்கம் திரும்பி பல்பை அடைகிறது. வழி நீளம், வயர் மெல்லியது, நடுவில் எத்தனையோ இணைப்புகள். சரியான வாட் பல்பு இருக்கும்வரை சுவிட்ச் எப்படியோ சமாளிக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பை மாட்டினால், பிரைட் போடும்போது 200 ÷ 12 = 16 ஆம்பியருக்கும் மேல் ஓடும். என் வண்டியில் நடந்தது இதுதான். வெளிச்சம் குறைவு என்று டிரைவர் சொல்ல, உதிரிபாகக் கடையில் பெரிய பல்பு கொடுக்க, நானும் காசு கொடுத்து மாட்டச் சொன்னேன். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கணக்குப் பார்க்காதது என் தவறு.

வெளிச்சம் எங்கே போகிறது?

பெரிய பல்பு ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மூட்டையில் சிறு ஓட்டை இருந்தால் குடோனிலிருந்து கடைக்கு வருவதற்குள் வழியெல்லாம் அரிசி சிந்தும். குடோனில் 50 கிலோ, கடையில் நிறுத்தால் 47 கிலோ. மின்சாரத்திலும் இதே கதை உண்டு. பேட்டரியில் இருக்கும் வோல்ட்டேஜ் அப்படியே பல்புக்கு வந்து சேர்வதில்லை. வயரிலும், சுவிட்சிலும், துருப்பிடித்த இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியர் 4 மீட்டர் தூரம் ஓடினால், வயரில் மட்டும் சுமார் 0.7 வோல்ட் போய்விடும். அதே 10 ஆம்பியரை 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு அனுப்பினால் இழப்பு சுமார் 0.1 வோல்ட்தான். வழி குறுகி, வயர் தடித்தால் சேதாரம் குறையும்.

அரை வோல்ட், ஒரு வோல்ட் போனால் என்ன என்று நினைக்கக் கூடாது. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். என் வண்டியில் புதுச் சுவிட்சும் சரியான 60/55 வாட் பல்பும் மாட்டிய பிறகு எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துக் காட்டினார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் முனையில் 11.9 வோல்ட். அதாவது கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பத்துக்கு நான்கு பங்கு வழியிலேயே சிந்திக் கொண்டிருந்தது. பெரிய பல்பு மாட்டினால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் இழப்பும் கூடும், சூடும் கூடும். மூட்டையில் ஓட்டை இருக்கும்போது இன்னும் பெரிய மூட்டை வாங்குவது தீர்வாகாது. ஓட்டையை அடைக்க வேண்டும்.

ரிலே என்பது என்ன?

தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். "டிக்" என்று சத்தம் கேட்கும். தகடு இழுக்கப்பட்டதும் இரண்டு பெரிய முனைகள் ஒன்றோடொன்று சேரும். அவற்றின் வழியாகப் பெரிய மின்சாரம் பாயும். காயிலில் மின்சாரம் நின்றால் தகடு பின்வாங்கி, பெரிய மின்சாரமும் நின்றுவிடும்.

12 வோல்ட் ரிலேயின் காயில் எடுக்கும் மின்னோட்டம் சுமார் 0.15 ஆம்பியர்தான். அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டு 30 ஆம்பியர் வரை ஓடவிடவும் நிறுத்தவும் முடிகிறது. 10 ஆம்பியரைச் சுமந்து கொண்டிருந்த சுவிட்ச் இனி 0.15 ஆம்பியரைத் தொட்டால் போதும். முதலாளி சீட்டு எழுதுகிறார், சுமையை ரிலே தூக்குகிறது.

ரிலே வண்டிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1844-இல் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடிய காலத்திலேயே அது இருந்தது. நெடுந்தூரம் வந்து களைத்துப்போன மின்சாரம் ஒரு ரிலேயைத் தொடும். அந்த ரிலே பக்கத்தில் இருக்கும் புதுப் பேட்டரியின் மின்சாரத்தைத் திறந்துவிடும். விலைவாசியைத் தந்தியில் கேட்டு வாங்கிய மூத்த வணிகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2013-இல் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுவிட்டது. அதில் வேலை செய்த தத்துவம் நம் வண்டிக்குள் இன்றும் "டிக்" என்று ஒலிக்கிறது.

முனைகளின் எண்கள்

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். இவை உலகெங்கும் வழங்கும் எண்கள். மனப்பாடம் செய்துகொண்டால் எந்த ஊர் எலக்ட்ரீசியனிடமும் பேசலாம்.

30 – பேட்டரியின் பாசிட்டிவ் வந்து சேரும் முனை. இது குடோன் வாசல்.

87 – விளக்குக்குப் போகும் முனை. இது கடை வாசல்.

86 – காயிலின் ஒரு முனை. சுவிட்சிலிருந்து வரும் உத்தரவு இங்கே வரும். இது சீட்டு வந்து சேரும் இடம்.

85 – காயிலின் மறுமுனை. இது எர்த்துக்குப் போகும்.

சில ரிலேக்களில் ஐந்தாவதாக 87ஏ என்று ஒரு முனை இருக்கும். ரிலே வேலை செய்யாதபோது இந்த முனைதான் 30-உடன் சேர்ந்திருக்கும். அதாவது விளக்குச் சுவிட்ச் அணைந்திருக்கும்போது இதில் மின்சாரம் நிற்கும். நமக்கு இது தேவையில்லை. நான்கு முனை ரிலே வாங்குவதே நல்லது. ஐந்து முனை ரிலேதான் கிடைத்தால் 87ஏ முனையில் எதையும் மாட்டாமல் விட வேண்டும். தவறி விளக்கு வயரை அதில் மாட்டினால் சுவிட்ச் போட்டால் அணைந்து, அணைத்தால் எரியும்.

வாங்க வேண்டியவை

1. 12 வோல்ட், 30 ஆம்பியர் அல்லது 40 ஆம்பியர் ரிலே இரண்டு. ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு.

2. ரிலே பொருந்தும் சாக்கெட் இரண்டு.

3. மூடியுள்ள பியூஸ் ஹோல்டர் இரண்டு, 15 ஆம்பியர் தகடு பியூஸ் இரண்டு. 15 ஆம்பியர் பியூஸ் நீல நிறத்தில் இருக்கும். கைவசம் இரண்டு உபரியாக வண்டியில் இருக்கட்டும்.

4. பல இழைகள் கொண்ட வண்டி வயர். சுமை தூக்கும் வழிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், காயில் வழிக்கு 1 சதுர மில்லிமீட்டர். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரைப் போடக் கூடாது. வண்டியின் அதிர்வில் அது உள்ளுக்குள் ஒடிந்துவிடும்.

5. எச்-4 பல்புக்கான பீங்கான் ஹோல்டர் இரண்டு. பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் கருகியிருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

6. வளைய லக், தட்டை லக், வயருக்கு மேலுறை, டை.

24 வோல்ட் லாரி வைத்திருப்பவர்கள் 24 வோல்ட் ரிலேதான் வாங்க வேண்டும். அதில் எச்-4 பல்பு 75/70 வாட். 150 ÷ 24 = சுமார் 6 ஆம்பியர்தான் ஓடும். அதற்கு 10 ஆம்பியர் பியூஸ், சிவப்பு நிறத்தது, போதும்.

இணைக்கும் முறை

தொடங்கும் முன் ஒரு சோதனை அவசியம். விளக்கின் பொது வயர் எர்த்தில் இருக்கிறதா, அல்லது பாசிட்டிவில் இருந்து எர்த் பக்கத்தைச் சுவிட்ச் திறந்து மூடுகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது முதல் வகைக்கு. இரண்டாம் வகை வண்டியில் 86-க்கு பியூஸ் வழியாகப் பாசிட்டிவ் கொடுத்து, சுவிட்சிலிருந்து வரும் வயரை 85-இல் சேர்க்க வேண்டும். பல்பின் பொது முனையையும் புதிதாக எர்த்தில் கட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியவர்கள்தான் "ரிலே போட்டேன், எரியவில்லை" என்று சொல்வார்கள்.

முதற்படி: பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி விடவும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டி உடம்பில் பட்டுப் பொறி பறக்கும்.

இரண்டாம் படி: ரிலேக்களைப் பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையே, தண்ணீர் தெறிக்காத, என்ஜின் சூடு படாத இடத்தில் திருகி வைக்கவும். முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும்.

மூன்றாம் படி: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 2.5 வயரை எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஹோல்டரைச் சேர்த்து, அங்கிருந்து முதல் ரிலேயின் 30-க்குக் கொண்டு போகவும். இரண்டாம் ரிலேக்குத் தனி வயர், தனி பியூஸ். ஒன்று போனாலும் மற்றொன்றைப் போட்டு வீடு வந்து சேரலாம். பியூஸ் ஏன் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்? பியூஸுக்கு அப்பால் உள்ள வயரைத்தான் அது காப்பாற்றும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயர் உடம்பில் உரசினால் அதைக் காப்பாற்ற ஆளில்லை.

நான்காம் படி: முதல் ரிலேயின் 87-இலிருந்து இடது, வலது பல்புகளின் டிம் முனைக்குத் தனித்தனி வயர். இரண்டாம் ரிலேயின் 87-இலிருந்து பிரைட் முனைக்கு அதே போல.

ஐந்தாம் படி: பல்பில் முன்பு மாட்டியிருந்த பழைய வயர்களில் ஒரு பக்கத்து வயர் போதும். அதில் டிம் வயரை முதல் ரிலேயின் 86-க்கும், பிரைட் வயரை இரண்டாம் ரிலேயின் 86-க்கும் கொடுக்கவும். எது டிம், எது பிரைட் என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டர் வைத்தே முடிவு செய்யவும். மறுபக்கத்துப் பழைய வயரின் முனையை மூடிக் கட்டி விடவும். பழைய வயரை வெட்டாமல் ஹோல்டரோடு வைத்திருந்தால், நடுவழியில் ரிலே பழுதானாலும் பழையபடி மாட்டிக்கொண்டு ஊர் சேரலாம்.

ஆறாம் படி: இரண்டு ரிலேயின் 85-ஐயும், பல்புகளின் பொது முனையையும் எர்த்தில் சேர்க்கவும். பல்பின் எர்த் வயரும் 2.5-ஆகவே இருக்க வேண்டும். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வரும் வழி அது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு வளைய லக்கை வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவவும். விளக்கு மங்குவதில் பாதிக் கதை எர்த்தில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: எல்லா லக்கையும் அதற்குரிய குறட்டால் அழுத்தி இறுக்கவும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. வெயிலில் டேப் இளகும், மழையில் செம்பு பச்சை பிடிக்கும். தகட்டின் விளிம்பில் வயர் உரசும் இடங்களில் மேலுறை போட்டு, சாண் இடைவெளியில் டை கட்டவும்.

எட்டாம் படி: பியூஸை மாட்டி, கடைசியாகப் பேட்டரி நெகட்டிவை மாட்டவும். சுவிட்சைப் போட்டால் "டிக்" என்று கேட்டு விளக்கு எரிய வேண்டும். என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியிலும் பல்பிலும் வோல்ட்டேஜ் பார்க்கவும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். என் வண்டியில் 11.9 ஆக இருந்தது 13.4 ஆனது. அதே 60/55 பல்புதான். டிரைவர் தம்பி "பல்பு மாத்திட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

கால் மணி நேரம் எரியவிட்டு ரிலே, பியூஸ் ஹோல்டர், வயர் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்க்கவும். இளஞ்சூடு இருக்கலாம். தொட முடியாத சூடு இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பழுது பார்க்க

"டிக்" கேட்கிறது, விளக்கு இல்லை: உத்தரவு வந்துவிட்டது, சரக்கு வரவில்லை. பியூஸ், 30, 87, பல்பின் எர்த் ஆகியவற்றைப் பார்க்கவும்.

"டிக்" கேட்கவே இல்லை: சீட்டே வந்து சேரவில்லை. 86-இல் மின்சாரம் வருகிறதா, 85-இன் எர்த் சரியா என்று பார்க்கவும்.

"டிக் டிக் டிக்" என்று துடிக்கிறது: பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது எர்த் தளர்ந்திருக்கிறது.

சுவிட்சை அணைத்தும் விளக்கு அணையவில்லை: ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டன. அளவுக்கு மீறிய சுமையால் இது நேரும். ரிலேயை மாற்றிவிட்டு, சுமை ஏன் கூடியது என்றும் பார்க்க வேண்டும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: எங்கோ வயர் உரசுகிறது. பெரிய பியூஸ் மாட்டுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். அப்போது பியூஸுக்குப் பதிலாக வயரே உருகும்.

செய்யக் கூடாதவை

ரிலே போட்டுவிட்டோம், இனி 100 வாட் பல்பு மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சுவிட்ச் தாங்கும், ஆனால் விளக்கின் கண்ணாடிப் பூச்சும் பிளாஸ்டிக்கும் தாங்காது. எதிரே வருபவர் கண்ணும் தாங்காது. முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. எதிரே வருபவன் கண் கூசி நம் மேலேயே வந்து மோதினால் நஷ்டம் யாருக்கு? அதே போல, ஏற்றிய சரக்கின் பாரத்தில் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு வானத்தைப் பார்க்கும். ஆகவே விளக்கின் சாய்வைச் சுமை ஏற்றிய நிலையில் சரிபார்ப்பது நல்லது.

எச்-4 பல்பின் இரண்டு இழைகளும் சேர்ந்து தொடர்ந்து எரியும்படி இணைக்கக் கூடாது. பல்பு சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

எல்லா வண்டிக்கும் இந்தப் பாடம் பொருந்தாது. தொழிற்சாலையிலிருந்தே ரிலே பொருத்தி வரும் வண்டிகள் பல உண்டு. முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கவும். எல்.இ.டி. முன்விளக்கு உள்ள புது வண்டிகளிலும், விளக்கைக் கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளிலும் நாமாக வயரில் கை வைக்கக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை அதன் சர்வீஸ் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்வதே முறை. பழைய இருசக்கர வண்டிகள் சிலவற்றில் முன்விளக்கு பேட்டரியில் ஓடாமல் என்ஜின் காயிலிலிருந்து நேரடியாக வரும் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும். அதற்கு இந்த ரிலே உதவாது.

கூலி கொடுத்துச் செய்பவர்களுக்கு

நம்மில் பலர் வயரைத் தொடப் போவதில்லை. அதில் தவறில்லை. ஆனால் சரக்கு வாங்கும்போது கை விட்டுப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? அதே போல எலக்ட்ரீசியனிடம் ஐந்து கேள்விகள் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

1. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலேயா?

2. பியூஸ் எத்தனை ஆம்பியர், பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில்?

3. சுமை வயர் 2.5-தானா?

4. எர்த் எங்கே கொடுத்தீர்கள்? காட்டுங்கள்.

5. வேலைக்கு முன் பல்பில் எத்தனை வோல்ட், பின் எத்தனை வோல்ட்?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். அது தராசில் நிறுத்துப் பார்ப்பது போன்றது. முன்பும் பின்பும் மீட்டரில் காட்டச் சொன்னால் வேலையின் தரம் தானே தெரிந்துவிடும்.

எனக்கு ஆன செலவு கூலியோடு சேர்த்து ஓர் எண்ணெய் டின் விலையைத் தாண்டவில்லை. அன்றிரவு வண்டியில் இருந்த சரக்கின் மதிப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே மனம் கூசுகிறது. வண்டியை ஓட்டிய தம்பிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். சரக்கு போனால் அடுத்த சந்தையில் பார்த்துக்கொள்ளலாம். இரவு நமக்காகக் கண் விழித்து வண்டி ஓட்டுகிறவருக்கு, பாதை தெரியும்படி வெளிச்சம் கொடுப்பது முதலாளியின் கடமை.

இன்று கடை அடைத்ததும் உங்கள் வண்டியைச் சுவர் ஓரம் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் மஞ்சளாக மங்கித் தெரிந்தாலோ, கால் மணி நேரத்தில் சுவிட்ச் சூடானாலோ, அடுத்த லோடு ஏற்றும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி சீட்டு எழுதட்டும். மூட்டையை, தூக்க வேண்டிய ஆள் தூக்கட்டும்.